கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

கோடையில் கல்குவாரியில் ஓடும் பொக்லைனின் மானிட்டரில் வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்து பஸ்ஸர் கத்தினால், பெரும்பாலான சைட்டுகளில் அடுத்து நடப்பது இதுதான். ‘சென்சார் போயிடுச்சு’ என்று புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். சத்தம் அதற்கும் அடங்கவில்லை என்றால் ஒயரைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். இரண்டுமே எதையும் அளந்து பார்க்காமல் எடுக்கிற முடிவுகள். கரூர், நாமக்கல், பல்லடம் பக்கத்துக் குவாரிகளிலும் கிரஷர்களிலும் கனரக இயந்திரங்களின் எஞ்சினையும் ஒயரிங்கையும் பார்த்துப் பிழைக்கிறவன் நான். இந்தப் பழக்கத்தால் நல்ல எஞ்சின்கள் வீணாவதையும், கடன் வாங்கி ஒரே ஒரு வண்டி வைத்திருக்கிறவர்கள் அதோடு சேர்ந்து விழுவதையும் பார்த்து மனசு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

சென்சார் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எஞ்சினிலிருந்து சுடுதண்ணீர் வெளியேறும் இடத்தில், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் பக்கத்தில், திருகி வைத்திருக்கும் சின்னப் பித்தளைத் துண்டு அது. அதன் நுனிக்குள் இருக்கும் தெர்மிஸ்டரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம் இருக்கும். 80 டிகிரியில் 320 ஓம் பக்கம் வரும். 100 டிகிரியில் 190-க்கும் கீழே போய்விடும். எஞ்சினின் கணினியான ஈசிஎம், 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக இந்த ஒயரில் அனுப்புகிறது. சென்சார் இழுத்ததுபோக ஒயரில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறது.

ஒயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். ஈசிஎம் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். பல வண்டிகளில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். தமிழ்நாட்டில் எந்த எஞ்சினுக்கும் அந்தக் குளிர் வராது. ஆகவே அந்த எண் வந்தாலே கையை ஒயர் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஒயர் எங்காவது உரசி பாடியில் தொட்டால் வோல்ட் பூஜ்யமாகும். அது உச்சச் சூடாகத் தெரியும். எஞ்சின் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும்போதுகூட மானிட்டர் சிவப்பைக் காட்டும்.

இதைப் பிரித்துச் சொல்லத்தான் பிழைக் குறியீடு இருக்கிறது. கனரக வண்டிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் ஜே1939 முறையில் கூலன்ட் வெப்பத்துக்கு எண் 110. அதை அடுத்து வரும் எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். 3 என்றால் வோல்ட் இருக்க வேண்டியதைவிட அதிகம். பெரும்பாலும் இணைப்பு விட்டிருக்கிறது. 4 என்றால் குறைவு; எங்கோ எர்த் ஆகிறது. 2 என்றால் அளவு நிலையில்லாமல் துள்ளுகிறது. 0 என்றால் அளவில் கோளாறு எதையும் ஈசிஎம் காணவில்லை. எஞ்சின் உண்மையிலேயே அபாயச் சூட்டில் இருக்கிறது என்கிறது. 16-ம் அதே வகைதான், கடுமை ஒரு படி குறைவு. 110-0 காட்டும் வண்டிக்குப் புது சென்சார் வாங்குகிறவர் காசைக் கொட்டுகிறார். 110-3 காட்டும் வண்டியின் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவுகிறவர் ஒரு நாள் உழைப்பைக் கொட்டுகிறார். ஒரே விளக்கு, ஒரே பஸ்ஸர். ஆனால் பார்க்க வேண்டிய இடம் வேறு வேறு.

கடந்த வைகாசியில் க.பரமத்தி பக்கத்துக் குவாரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. இருபது டன் பொக்லைன். நான் போவதற்குள் சென்சாரை இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். எச்சரிக்கை நிற்கவில்லை. ஆபரேட்டர் பவானிப் பக்கத்துப் பையன். அவரிடம்தான் முதலில் பேசினேன்.

“பஸ்ஸர் அடிக்கறப்ப எத்தனை டிகிரி காட்டுது தம்பி?”

“84-லயே நிக்கும்ங்ணா. திடீர்னு 120-க்குப் போயிட்டு அடுத்த நொடியே எறங்கிருதுங்ணா.”

“எந்த வேலை பாக்கறப்ப?”

“பிரேக்கர் போட்டுக் கல்லு ஒடைக்கறப்ப மட்டுந்தானுங்ணா. மண்ணு அள்ளுனா ஒண்ணுமே ஆகறதில்லீங்க.”

“இதை முன்னாடி வந்தவங்ககிட்டச் சொன்னியா?”

“யாரும் கேக்கலீங்களே.”

பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. அந்த அளவு எஞ்சினுக்குள் இருபது லிட்டருக்கு மேல் கூலன்ட் சுற்றுகிறது. அவ்வளவு தண்ணீரும் ஒரு நொடியில் 36 டிகிரி ஏறி, அடுத்த நொடியில் 36 டிகிரி இறங்க முடியாது. சூடு நடந்துதான் வரும், நடந்துதான் போகும். எண் குதிக்கிறது என்றால் குதிப்பது மின்சாரம். அதுவும் பிரேக்கர் அதிர்வில் மட்டும் குதித்தால், அதிர்வில் ஒயர் எங்கோ போய்த் தொடுகிறது. எட்டு மணி நேரம் அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது அத்தனையும் தெரிந்திருந்தது. நம் சைட்டுகளில் ஆபரேட்டரின் வார்த்தைக்கு மதிப்புக் கொடுப்பதில்லை. இந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்தும் விஷயம் அது.

கனெக்டரைக் கழற்றிச் சென்சாரின் இரு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்தேன், 290 ஓம். அந்த வகைச் சென்சாருக்கு அது 84 டிகிரி பக்கம். லேசர் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் பெயின்ட் அடித்த பகுதியில் காட்டினேன், 82. (பளபளப்பான அலுமினியத்தில் அந்தக் கருவியைக் காட்டினால் உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். இது தெரியாமல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.) சென்சார் சொல்வது உண்மை என்று தெரிந்துவிட்டது. அடுத்து, கனெக்டரைக் கழற்றியபடியே சாவியை ஆன் செய்து, வண்டி ஒயரின் சிக்னல் முனையில் வோல்ட் பார்த்தேன். 5 வோல்ட் சுத்தமாக வந்தது. மீட்டரை அப்படியே விட்டுவிட்டு ஒயரிங் கட்டை ஒரு முனையிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போனேன். ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டைத் தாண்டும் இடத்தில் அசைத்ததும் வோல்ட் பூஜ்யத்துக்கு விழுந்தது.

ஸ்லீவைப் பிரித்தோம். ஒயரின் மேல்தோல் அரிசி அளவுக்குத் தேய்ந்து செம்பு மின்னியது. ஒயரைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டிய கிளாம்ப் அங்கே இல்லை. எப்போதோ ஆல்டர்னேட்டரைக் கழற்றியவர் அதைத் திரும்ப மாட்டவில்லை. தேய்ந்த இடத்தைச் சரிசெய்து, ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஏற்றி, புதுக் கிளாம்ப் போட்டு முடித்தோம். அதற்கான செலவு, வீணாக வாங்கிய சென்சார்களில் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போட வைத்தேன். ‘அது இல்லாமல் ஓடினால் எஞ்சின் குளுமையாக இருக்கும்’ என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குளுமை எஞ்சினுக்கு நல்லதில்லை. போதுமான சூடு ஏறாவிட்டால் டீசல் முழுதாக எரியாது, லைனர் தேயும், ஆயிலில் கசடு சேரும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். குளுமைக்காகச் செய்தது சூட்டில் போய் முடியும்.

மல்டிமீட்டர் இல்லாத இடத்திலும் இதில் ஓரளவு செய்யலாம். சென்சார் கனெக்டரைக் கழற்றினால் மானிட்டரில் அளவு அடிமட்டக் குளிருக்குப் போக வேண்டும். அந்தக் கனெக்டரின் சிக்னல் பின்னையும் சென்சார் எர்த் பின்னையும் சின்ன ஒயரால் இணைத்தால் உச்சச் சூட்டுக்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் ஒழுங்காகப் போனால் ஒயரும் ஈசிஎம்மும் நன்றாக இருக்கின்றன. சந்தேகம் சென்சார் மேல்தான். போகாவிட்டால் சென்சார் வாங்கிப் பயனில்லை. இணைப்பதற்கு முன் எந்தப் பின் எது என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். 24 வோல்ட் வரும் பின்னை இதில் தொட்டுவிட்டால் ஈசிஎம்மே போய்விடும். அதன் விலையைக் கேட்டால் உரிமையாளருக்குத் தலை சுற்றும். மீட்டரின் தடித்த ஊசியைக் கனெக்டரின் பெண் பின்னுக்குள் திணிப்பதும் கூடாது. பின் அகன்று, நாளைக்கு அதுவே புதுக் கோளாறாகும். ஒயரின் தோலைக் குத்திப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த ஓட்டை வழியே வண்டி கழுவும் தண்ணீர் இறங்கி, ஆறு மாதத்தில் உள்ளே செம்பு பச்சை பிடித்துப் பொடியாகிக் கிடக்கும்.

கணினி இல்லாத பழைய வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் ஒற்றை ஒயர் சென்சார். எர்த், எஞ்சின் பிளாக் வழியாக மரையிலிருந்தே கிடைக்கிறது. கசிவு வரக் கூடாதென்று மரையில் டெஃப்லான் டேப்பை வளைத்து வளைத்துச் சுற்றினால் எர்த் சரியாகக் கிடைக்காது. முள் தப்பாகச் சொல்லும். ஹெட்லைட் போட்டதும் சூட்டு முள் எழும்பினால், கோளாறு சூட்டில் இல்லை. டேஷ்போர்டின் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்க வேண்டும்.

எந்த வண்டியானாலும் இன்னொன்றை மறக்கக் கூடாது. சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். கூலன்ட் குறைந்து சென்சாரைச் சுற்றி ஆவியோ காற்றோ நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் அது குறைத்துக் காட்டலாம். அதனால் கூலன்ட் மட்டம் பார்ப்பதே முதல் வேலை. அதுவும் எஞ்சின் ஆறிய பிறகு. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையும் மார்பும் வெந்துபோன ஹெல்பரைப் பார்த்திருக்கிறேன். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் உள்ளே நிற்கும். மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

இதுவரை சொன்னது பொய் எச்சரிக்கையைப் பற்றி. உண்மை எச்சரிக்கையைப் பொய்யென்று நினைத்து வாயை மூடுவது அதைவிடக் கொடியது. அதற்கு ஒரு குறுக்கு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. சென்சார் இருக்க வேண்டிய இடத்தில், கனெக்டருக்குள் சில ரூபாய் விலையுள்ள ரெசிஸ்டரைச் செருகிவிடுவது. 330 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஈசிஎம்முக்கு எஞ்சின் என்றைக்கும் 80 டிகிரிதான். விளக்கு எரியாது, பஸ்ஸர் அடிக்காது, ஃபேனும் கூடுதலாகச் சுற்றாது, எஞ்சினைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடும் வேலை செய்யாது.

அப்படிச் செய்து வைத்த வண்டியை, அது தெரியாமல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார் ஒரு ஆபரேட்டர். பல வருஷம் அடுத்தவர் வண்டியில் உட்கார்ந்து சேர்த்த பணம். அதற்கு மேல் மனைவியின் நகை அடமானம். மூன்றாம் மாதம் சாலை வேலை நடந்த இடத்தில் எஞ்சின் பிடித்து நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது ரேடியேட்டரின் முன்னால் ஆயில் கூலரில் கசிந்த ஆயிலும் கல்தூளும் சேர்ந்து சிமென்ட் பூசினாற்போல் அடைத்திருந்தது. ஹெட் விரிசல். இரண்டு லைனரில் பிஸ்டன் உரசிக் கோடு. சாவி போட்டதும் ஆறிப்போன எஞ்சினுக்கு மானிட்டர் 80 டிகிரி காட்டியது. கனெக்டரைப் பிரித்தால் உள்ளே இன்சுலேஷன் டேப் சுற்றிய ரெசிஸ்டர். அந்த மனிதரிடம் அதைக் காட்டி விளக்கிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. வைத்தவர் யாரோ, அவருக்கு அன்றைக்கு அரை நாள் வேலை நிற்காமல் ஓடியது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், சாவியை மட்டும் போட்டு மானிட்டரைப் பாருங்கள். கூலன்ட், உள்ளே இழுக்கும் காற்று, ஆயில் ஆகியவற்றில் எந்தெந்தச் சூட்டை அந்த வண்டி காட்டுகிறதோ, அவையெல்லாம் அந்த நேரத்து வெயிலளவை ஒட்டி ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்தச் சென்சாரையோ ஒயரையோ பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சூடான எஞ்சினோடு உங்களை வரவேற்கும் வண்டியைத் திரும்ப ஒரு முறை ஆற வைத்துப் பாருங்கள்.

அளந்து பார்க்கும் பழக்கம் ஏன் வளரவில்லை? மெக்கானிக்குகளுக்குச் சோம்பல் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பார்ட் மாற்றினால் பில் உண்டு. கோளாறைக் கண்டுபிடித்ததற்குப் பில் கிடையாது. அதுதான் காரணம். வெயிலில் இரண்டு மணி நேரம் ஒயரை அசைத்து அசைத்துத் தேய்ந்த இடத்தைக் கண்டுபிடித்தவரிடம் ‘ஒரு டேப் சுத்துனதுக்கா இவ்வளவு கேக்கறீங்க?’ என்கிறார்கள். தேவையில்லாத சென்சாரைப் பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போகிறவருக்கு, பெட்டியையும் பில்லையும் பார்த்து மறுபேச்சில்லாமல் பணம் கொடுக்கிறார்கள். அளக்கிறவர் நஷ்டப்படுகிற தொழிலில் இளைஞன் எதற்கு மல்டிமீட்டர் கற்றுக்கொள்வான்?

வண்டி உரிமையாளர்கள் நினைத்தால் இதை மாற்ற முடியும். கோளாறு கண்டுபிடிப்பதற்கு என்று தனிக் கூலி பேசுங்கள். சென்சார் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும், பழையதில் எத்தனை ஓம் இருந்தது, ஒயரில் எத்தனை வோல்ட் வந்தது, எஞ்சினில் நேரடியாக எத்தனை டிகிரி என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர முடியாதவர் ஊகத்தில் மாற்றுகிறார் என்று பொருள். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ்காரர், சாலையோர மெக்கானிக் இருவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு. அதில் படித்து வரும் பிள்ளைகள் நன்றாகவே எஞ்சின் பிரிக்கிறார்கள். ஆனால் கோளாறு வைத்த ஒயரிங்கைக் கையில் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சிக்குக் கூடுதல் நேரம் வேண்டும். அவர்கள் சந்திக்கப்போகும் வண்டிகளில் பாதிக் கோளாறு அங்கேதான்.

நேர்மையாக அளக்க நினைக்கிறவருக்கு இன்னொரு சுவரும் இருக்கிறது. 2021 ஏப்ரலில் கட்டுமான வாகனங்களுக்கு நான்காம் கட்டப் புகைக் கட்டுப்பாடு வந்தது. அதன் பிறகு வரும் எஞ்சின்கள் ஏறக்குறைய எல்லாம் கணினிக் கட்டுப்பாட்டில் ஓடுபவை, சென்சார்கள் கூடிவிட்டன. காற்று மாசு குறைய இது தேவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பல வண்டிகளில் ஒயரிங் வரைபடம் உரிமையாளர் கைக்கு வருவதில்லை. பிழைக் குறியீட்டைப் பார்க்கக் கடவுச்சொல் கேட்கிறது. எந்த டிகிரிக்கு எத்தனை ஓம் என்ற அட்டவணை சர்வீஸ் புத்தகத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. பல லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியவர், தன் வண்டி தன்னிடம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளக் கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். தவணைக்கு மட்டும் காத்திருப்பு கிடையாது.

கம்பெனிகளின் அச்சத்திலும் நியாயம் உண்டு. கண்டவர்கள் ஈசிஎம்மில் கை வைத்தால் புகைக் கட்டுப்பாட்டை முடக்குவார்கள், எஞ்சின் சக்தியை மாற்றுவார்கள், பிறகு வாரன்டி கேட்டு வருவார்கள். ரெசிஸ்டர் செருகுகிற ஆட்கள் இருக்கும் ஊரில் இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் படித்துப் பார்ப்பது வேறு, மாற்றி எழுதுவது வேறு. எழுதும் வழியைப் பூட்டி வையுங்கள். படிக்கும் வழியைத் திறந்து விடுங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களின் பழுதுபார்ப்புத் தகவல்களையும் கருவிகளையும் உரிமையாளருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தரவேண்டும் என்று 2023-இல் சட்டம் போட்டது; 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

நம் நாட்டிலும் வாசல் ஓரளவு திறந்திருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இதற்கென்று இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். பொக்லைன், லோடர், பிரேக்கர் வண்டி, போர்வெல் ரிக் போன்றவற்றைக் கட்டுமான இயந்திரங்கள் என்று தனித் துறையாகக் குறிப்பிடவில்லை. ஏரிக்கரை உடைந்தாலும், மலைப்பாதையில் மண் சரிந்தாலும் நாம் முதலில் கூப்பிடுவது இந்த வண்டிகளைத்தான். இவற்றை ஐந்தாவது துறையாகச் சேர்க்க வேண்டும். புது வண்டி விற்கும்போதே அதன் ஒயரிங் வரைபடம், பிழைக் குறியீடுகளின் விளக்கம், ஒவ்வொரு சென்சாரின் ஓம் அட்டவணை ஆகிய மூன்றும் உரிமையாளர் கைக்கு, அவர் மொழியில், கூடுதல் கட்டணம் இல்லாமல் வர வேண்டும். மானிட்டரில் குறியீட்டைப் படிக்கக் கடவுச்சொல் கேட்கக் கூடாது. சென்சாருக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்து வண்டியை விற்பது மோசடி. ஓடிய மணிக்கணக்கைக் குறைத்துக் காட்டி விற்பதற்கு இணையாக அதையும் தண்டிக்க வேண்டும்.